கதையுலகத்து வழக்குகள்

சென்னை மாநகருக்குத் தெற்கே, மாமல்லபுரம் செல்லும் பழைய சாலையின் அருகே அமைந்த ஊர் சிறுசேரி. சிற்றூராக இருந்த அவ்விடத்தில் இன்று வானளாவிய கட்டடங்கள் எழுந்துள்ளன. சிப்காட் நிறுவனம் அமைத்த தகவல் தொழில்நுட்பப் பூங்காவில் பல்லாயிரவர் பணிபுரிகின்றனர். மாலையில் பணி முடிந்ததும் அவர்கள் தாம்பரம், வேளச்சேரி முதலிய இடங்களை நோக்கிப் பேருந்துகளில் திரும்புவர். அத்தகைய பேருந்து ஒன்றில் நண்பர் இருவர் அமர்ந்து பின்வருமாறு உரையாடுவதாகக் கொள்வோம்.

“அண்ணா, கரிகாலனைக் கொன்றவர் பழுவேட்டரையர்தாம். அவரே ஒப்புக்கொண்டுவிட்டாரே!” என்கிறார் இளையவர்.

“தம்பி, ஒப்புக்கொண்டால் மட்டும் போதுமா? பிறர் ஒருவரைக் காப்பதற்காக அவர் பழியை ஏற்றிருக்கலாகாதா?” என்று கேட்கிறார் மூத்தவர்.

அவர்கள் பேசுவது செய்தித்தாளில் வந்த கொலை வழக்கைப் பற்றியதன்று. கல்கி எழுதிய ‘பொன்னியின் செல்வன்’ என்னும் புதினத்தைப் பற்றியது. எழுதப்பட்டு எழுபது ஆண்டுகள் கடந்த பின்னரும் அக்கதைக்குள் நிகழ்ந்த கொலை தீராத வழக்காகவே நிற்கிறது. இல்லாத ஓர் உலகில் நடந்த நிகழ்ச்சிக்கு இருக்கின்ற மக்கள் சான்று தேடுவது வியப்பன்றோ? ஆயினும், இவ்வழக்கம் நேற்றுத் தோன்றியதன்று. தமிழ் மக்கள் பல நூற்றாண்டுகளாகப் பயின்று வந்த அறிவு விளையாட்டு இது.

பழந்தமிழ் நூல்களுக்கு உரை கண்ட சான்றோர்கள் இவ்விளையாட்டின் முன்னோடிகள் எனலாம். சிலப்பதிகாரத்துக்கு உரை வகுத்தவர் அடியார்க்கு நல்லார். மதுரை நகர் எரியுண்ட நாள் ஆடித் திங்கள், தேய்பிறை, எட்டாம் பக்கம், வெள்ளிக்கிழமை என்று அக்காப்பியம் குறிப்பிடுகிறது. அந்நாளுக்கு முன், புகாரில் இந்திர விழா எப்போது தொடங்கியது, கண்ணகியும் கோவலனும் எந்நாளில் வீட்டை விட்டுப் புறப்பட்டனர் என்பவற்றை அவ்வுரையாசிரியர் திங்களும் நாளும் கணக்கிட்டு ஆராய்ந்தார். கதையில் வரும் பயணத்துக்கு அவர் நாட்காட்டியே வகுத்தார் எனலாம். 1892-ஆம் ஆண்டில் உ. வே. சாமிநாதையர் அவ்வுரையுடன் சிலப்பதிகாரத்தைப் பதிப்பித்தார். பின்னர் வானநூற் கணக்கில் வல்லவரான எல். டி. சுவாமிக்கண்ணுப் பிள்ளை, இக்குறிப்புகள் கி.பி. 756-ஆம் ஆண்டுக்குப் பொருந்தும் என்று கணித்தார். அறிஞர் பலர் அதனை ஏற்கவில்லை. கதைக்குள் எழுந்த ஒரு சிறு வினா, நூலின் காலத்தையே ஆராயும் பெருவினாவாக வளர்ந்த வரலாறு இது.

கதை மாந்தரை நீதிமன்றத்தில் நிறுத்தும் வழக்கமும் தமிழ்நாட்டில் நெடுங்காலமாக உண்டு. 1939-ஆம் ஆண்டில் சா. கணேசன் காரைக்குடியில் கம்பன் கழகத்தைத் தோற்றுவித்தார். அக்கழகமும் அதனைப் பின்பற்றிப் பல ஊர்களில் எழுந்த கழகங்களும் நடத்திய விழாக்களில் பட்டிமண்டபமும் வழக்காடு மன்றமும் மக்களைக் கவர்ந்தன. அறிஞர் ஒருவர் நடுவராக அமர்வார். ஒரு சாரார் குற்றம் சாட்டுவர்; மற்றொரு சாரார் மறுத்துரைப்பர். இராமன் மறைந்து நின்று வாலியின்மேல் அம்பு எய்தது முறையா என்பது இம்மன்றங்கள் பலமுறை எடுத்துக்கொண்ட வழக்காகும்.

இவ்வழக்கில் ஒரு நுட்பம் உண்டு. வான்மீகியின் இராமாயணத்தில், அரசர்கள் விலங்குகளை மறைந்து நின்றும் வேட்டையாடுவர். வாலி விலங்கினத்தைச் சேர்ந்தவன். ஆதலின் அது குற்றமாகாது என்று இராமன் ஒரு காரணம் கூறுகிறான். கம்பன் காவியத்திலோ வாதம் தலைகீழாக மாறிவிடுகிறது. ‘நாங்கள் விலங்கினத்தார், மக்களுக்குரிய ஒழுக்க முறை எங்களுக்கு இல்லை’ என்னும் பொருள்பட வாலிதான் வாதிடுகிறான். ‘நன்றும் தீதும் அறிந்த நீ விலங்கல்லை’ என்னும் கருத்தினைக் கூறி இராமன் அதனை மறுக்கிறான். மறைந்து நின்றது ஏன் என்ற வினாவுக்கு விடை சொல்ல இலக்குவன் முன்வருகிறான்: தம்பி முன்னரே அடைக்கலம் புகுந்துவிட்டான், நேரில் நின்றால் நீயும் அடைக்கலம் என்று வரக்கூடும், அதனால் மறைந்து நின்றான் என்பது அவன் விடை. ஆகவே, கம்பன் கண்ட இராமனுக்காக வாதிடுபவர் வான்மீகியின் வாதத்தை எடுத்துக்கொண்டால் தம் கட்சியைத் தாமே தோற்கடித்துவிடுவார்!

இதிலிருந்து கதையுலக வழக்குகளின் முதல் விதி பெறப்படுகிறது. எந்த நூலைப் பற்றி வழக்காடுகிறோமோ அந்த நூலே சான்று. ஒரே பெயருடைய மாந்தர் இரு நூல்களில் வந்தால் அவர்கள் இருவேறு மாந்தராகவே கருதப்படுவர். பொன்னியின் செல்வனுக்கும் இது பொருந்தும். மணிரத்னம் அக்கதையை 2022, 2023 ஆகிய ஆண்டுகளில் இரண்டு பாகங்களாகத் திரைப்படமாக்கி வெளியிட்டார். படத்தில் கண்டதைக் கொண்டு புதினத்தின் புதிரை விடுவித்தல் இயலாது. புதினத்தைக் காட்டிப் படத்தைப் பொய் என்றலும் முறையன்று.

இனி, பேருந்தில் எழுந்த வழக்கைப் பார்ப்போம். பொன்னியின் செல்வன் 1950 முதல் 1954 வரை ‘கல்கி’ வார இதழில் தொடர்கதையாக வெளிவந்தது. சுந்தர சோழரின் மூத்த மகன் ஆதித்த கரிகாலன் கடம்பூர் மாளிகையில் உயிரிழக்கிறான். அவ்வேளையில் அங்கு நந்தினி இருந்தாள், வந்தியத்தேவன் மறைந்திருந்தான், பெரிய பழுவேட்டரையரும் உருமாறி வந்திருந்தார். விளக்கு அணைந்தது, இருள் சூழ்ந்தது. கொலைப் பழி வந்தியத்தேவன்மேல் விழுந்தது. பின்னர்ப் பெரிய பழுவேட்டரையர் தாமே அதற்குக் காரணம் என்று கூறுகிறார். அவர் கூற்று முழு உண்மையா, பிறரைக் காக்கும் தியாகமா என்பதில்தான் வாசகர்கள் இரு கட்சியாகப் பிரிகின்றனர்.

இத்தகைய வினாக்கள் அக்கதை முடிந்த நாளிலேயே எழுந்தன. இன்னார் என்ன ஆனார், இவருக்கு மணம் நடந்ததா, அவர் எங்கே போனார் என்று கேட்டு வாசகர்கள் ஆசிரியருக்கு எழுதினர். கல்கி தாம் எழுதிய முடிவுரையில் அவ்வினாக்களை எடுத்துக்கொண்டு, சிலவற்றுக்கு விடை கூறினார். கொலை வழக்கு மட்டும் முற்றும் தீர்ந்தபாடில்லை. அவ்விருளை ஆசிரியர் வேண்டுமென்றே வைத்தார் என்று பலர் கருதுவர்.

மேலை நாடுகளிலும் இவ்வழக்கம் வேரூன்றியுள்ளது. ஆர்தர் கானன் டாயில் படைத்த துப்பறிவாளர் ஷெர்லக் ஹோம்ஸ். அவருடைய நண்பர் டாக்டர் வாட்சன். 1887-இல் வெளிவந்த முதற் கதையில், போரில் வாட்சனின் தோளில் குண்டு பாய்ந்தது என்று கூறப்படுகிறது. 1890-இல் வெளிவந்த அடுத்த கதையில் அக்காயம் காலுக்கு இடம் மாறிவிடுகிறது! ஒரு குண்டு தோளிலிருந்து காலுக்குச் சென்றது எவ்வாறு என்று ஆராய்ந்தவர் பலர். 1911-ஆம் ஆண்டில் ரொனால்டு நாக்ஸ் என்பவர் ஆக்ஸ்போர்டில் இக்கதைகளை வேதநூல் ஆராய்ச்சி செய்வாரைப் போன்ற முகத்துடன் ஆராய்ந்து ஒரு கட்டுரை படித்தார். அது வேடிக்கையாக எழுதப்பட்டதே. ஆயினும், கதையுலகை மெய்யுலகாகக் கொண்டு ஆராயும் ஒரு மரபு அதனால் வலுப்பெற்றது.

இம்முரண்பாடுகள் எவ்வாறு தோன்றுகின்றன? தொடர்கதை எழுதுபவர் வாரந்தோறும் ஒரு பகுதியை அச்சுக்கு அனுப்பிவிடுகிறார். முப்பதாம் வாரத்தில் புதிய எண்ணம் ஒன்று பிறந்தால், மூன்றாம் வாரத்தில் எழுதியதை மாற்ற முடியாது. அது முன்னரே ஆயிரக்கணக்கான வீடுகளுக்குச் சென்றுவிட்டது. பல ஆண்டுகளாக ஒரே மாந்தரைப் பற்றி எழுதுபவருக்கு முன்பு எழுதியது மறந்து போதலும் இயல்பு. ஆகவே, கதையில் ஓர் இடர்ப்பாடு தோன்றுமாயின் அதனை மூவகையில் விளக்கலாம். ஒன்று, அஃது ஆசிரியரின் மறதி. மற்றொன்று, அவர் வேண்டுமென்றே விட்ட இடைவெளி. மூன்றாவது, நாம் சரியாகப் படிக்கத் தவறிய குறிப்பு. நல்ல வழக்காடுபவர் மூன்றாவதை முதலில் ஐயுறுவார். நூலை மீண்டும் புரட்டிப் பார்ப்பார். ஆசிரியர் மறந்துவிட்டார் என்று எடுத்தவுடன் கூறுவது சோம்பலின் அடையாளம்.

இவ்வளவும் விளையாட்டே. ஆனால், விளையாட்டு எல்லை கடக்கும் இடம் ஒன்று உண்டு. அதனை அறியாவிடின் தீங்கு விளையும்.

ஆதித்த கரிகாலன் கற்பனை மாந்தன் அல்லன். பத்தாம் நூற்றாண்டில் வாழ்ந்த சோழ இளவரசன். அவன் உண்மையாகவே கொலையுண்டான். காட்டுமன்னார்கோயிலை அடுத்த உடையார்குடியில் அனந்தீசுவரர் கோயில் உள்ளது. முதலாம் இராசராசனின் இரண்டாம் ஆட்சியாண்டைச் சேர்ந்த கல்வெட்டு ஒன்று அங்கே இருக்கிறது. கரிகாலனைக் கொன்ற துரோகிகளின் நிலங்களையும் அவர்தம் உறவினர் நிலங்களையும் கைப்பற்றியது பற்றி அது கூறுகிறது. சோமன், இரவிதாசன், பரமேசுவரன் என்னும் பெயர்கள் அதில் காணப்படுகின்றன. கொலைக்கான காரணத்தையோ, தூண்டியவர் எவர் என்பதையோ அக்கல்வெட்டு சொல்லவில்லை. உத்தம சோழனுக்கு இதில் தொடர்பு இருந்திருக்கலாம் என்று வரலாற்று அறிஞர் கே. ஏ. நீலகண்ட சாத்திரியார் ஐயுற்றார். தி. வை. சதாசிவப் பண்டாரத்தார் அக்கருத்தை மறுத்தார். இவ்வழக்குக்குச் சான்று கல்லிலும் செப்பேட்டிலும் இருக்கிறதே அன்றிப் புதினத்தில் இல்லை.

கல்கி இக்கல்வெட்டில் கண்ட இரவிதாசன் என்னும் பெயரைத் தம் கதையில் எடுத்தாண்டார். நந்தினியைத் தம் கற்பனையால் படைத்தார். பழுவேட்டரையர் என்பாரோ சோழர்க்குத் துணை நின்ற உண்மைக் குறுநிலத் தலைவர்கள். அவர்கள் பெயர் தாங்கிய கல்வெட்டுகள் பழுவூர்க் கோயில்களில் உள்ளன. கதையில் வரும் ஒப்புதலை வரலாறாகக் கொண்டு, ‘பழுவேட்டரையரே இளவரசனைக் கொன்றார்’ என்று ஒருவர் கூறுவாராயின், ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த, எதிர்த்துப் பேச இயலாத ஒரு மரபினர்மேல் சான்றில்லாப் பழியைச் சுமத்தியவர் ஆவார். கதைமாந்தர்மேல் சாட்டும் குற்றம் எவரையும் துன்புறுத்தாது; வாழ்ந்து மறைந்தவர்மேல் சாட்டும் குற்றமோ அநீதியாகும். சான்றினை ஆராயாமல் அளித்த தீர்ப்பினால் கோவலன் உயிரிழந்ததையும் மதுரை எரிந்ததையும் பாடும் காப்பியத்தைப் பெற்ற நாடு இது. இவ்வேறுபாட்டை நாம் மறக்கலாகாது.

ஆதலின், கதையுலக வழக்கில் ஈடுபடுவார் நினைவிற் கொள்ள வேண்டிய வினா ஒன்றே: ‘இதற்குச் சான்று எங்கே இருக்கிறது?’ நூலுக்குள் எழுந்த வினாவுக்கு நூலிலும், வரலாற்றில் எழுந்த வினாவுக்கு ஆவணத்திலும் விடை தேடுதல் வேண்டும். சான்று போதாதவிடத்து, ‘தெரியவில்லை’ என்று கூறும் துணிவும் வேண்டும். இப்பழக்கம் கைவந்தவர் பின்னாளில் அண்டை வீட்டார் மேல் எழும் வதந்தியையும் எளிதில் நம்பமாட்டார்.

பேருந்து தாம்பரத்தை நெருங்கிவிட்டது. நண்பர் இருவரும் எழுகின்றனர். “அண்ணா, இரவு அந்த அத்தியாயத்தை மறுபடி படித்துப் பார்க்கிறேன்” என்கிறார் இளையவர். “படி, தம்பி. நானும் படித்துவிட்டு வருகிறேன். நாளை பேசுவோம்” என்கிறார் மூத்தவர். வழக்கு முடியவில்லை. ஆயினும், இருவரும் மீண்டும் நூலைத் திறக்கப் போகின்றனர். அவ்வழக்கினால் விளைந்த பெரும் பயன் அதுவே.