பல பணிக்கு ஒரு வில்லை

புதிதாகக் கமரா வாங்க விரும்புவோர் பெரும்பாலும் கமராவைப் பற்றியே விசாரிக்கின்றனர்; அதன் முகப்பில் அமையும் வில்லையைப் பற்றி விசாரிப்போர் சிலரே. ஆயினும் படத்தை உருவாக்குவது வில்லையே. கமரா அதனை ஏற்றுப் பதிந்து வைக்கின்றது. சில ஆண்டுகளில் கமரா பழையதாகிவிடலாம். நல்ல வில்லையோ இரண்டு மூன்று கமராக்கள் மாறிய பின்னரும் உழைக்கும். பல மாதச் சேமிப்பைக் கொடுத்து ஒரேயொரு வில்லையை வாங்கும் குடும்பத்துக்கு, அத்தெரிவு பிழைத்தால் நட்டம் பணத்தோடு நின்றுவிடுவதில்லை. மகளின் கழுத்தில் தாலி ஏறும் கணமும், பேரப்பிள்ளையைப் பாட்டியார் முதன்முதலாக மடியில் ஏந்தும் கணமும் மறுமுறை வாரா. அவ்வேளையில் வில்லை கைகொடாவிடின், பின்னர் எத்துணை உயர்ந்த வில்லையை வாங்கினும் அப்படம் கிட்டாது. ஆதலால், சிறிய உணரியுடைய கமராவுக்கு எல்லாத் தேவைக்கும் பொதுவானதொரு சூம் வில்லையைத் தெரியும் முறை ஆராயத்தக்கதாகும்.

சிறிய உணரி என்பது எதனோடு ஒப்பிடச் சிறியது? 1925ஆம் ஆண்டு ஜேர்மனியில் ஒஸ்கார் பார்னக் என்பார் அமைத்த லைக்கா கமரா விற்பனைக்கு வந்தது. சினிமாவுக்கென ஆக்கப்பட்ட 35 மில்லிமீற்றர் பிலிமில் 36 மில்லிமீற்றர் நீளமும் 24 மில்லிமீற்றர் அகலமும் உள்ள படங்களை அது எடுத்தது. அந்த அளவே பின்னர் உலகெங்கும் பொது அளவாயிற்று. இன்று புல் பிரேம் எனப்படுவதும் அதுவே. 1996இல் கொடக், பியூஜி, கனன், மினோல்ற்றா, நிக்கொன் ஆகிய நிறுவனங்கள் கூடி ஏ.பி.எஸ். என்னும் சிறிய பிலிமை வெளியிட்டன. அப்பிலிம் நீண்ட நாள் நிலைக்கவில்லை. ஆயினும் அதன் பட அளவுகளுள் ஒன்றின் பெயர் மாத்திரம் நிலைத்துவிட்டது. 1999இல் நிக்கொன் டி1 கமராவும், 2003இல் ஆயிரம் அமெரிக்க டொலருக்குக் குறைந்த விலையில் கனன் 300டி கமராவும் வந்தபோது, பெரிய உணரியை ஆக்குவதற்கான செலவு மிகுதியாக இருந்தமையால், அவற்றில் ஏறக்குறைய அந்த அளவுடைய உணரிகளே வைக்கப்பட்டன. ஏ.பி.எஸ்.-சீ எனப்படும் இவ்வுணரி நிக்கொன், சோனி, பியூஜி கமராக்களில் ஏறத்தாழ 23.5 மில்லிமீற்றருக்கு 15.6 மில்லிமீற்றர், கனன் கமராக்களில் 22.3 மில்லிமீற்றருக்கு 14.9 மில்லிமீற்றர். பரப்பில் இது புல் பிரேமின் ஐந்தில் இரு பங்கு எனலாம்.

இங்கேதான் பலர் மயங்குகின்றனர். சிறிய உணரியில் 50 மில்லிமீற்றர் வில்லை 75 மில்லிமீற்றர் வில்லையாகிவிடும் என்று கடைகளிற் கூறுவதுண்டு. வில்லையின் குவியத் தூரம் எந்தக் கமராவிற் பூட்டினும் மாறாது. சாளரம் ஒன்றின் நான்கு ஓரங்களையும் திரையிட்டு மறைத்தால், வெளியே நிற்கும் மரம் அருகில் வந்துவிடுவதில்லை; காணும் பரப்பு மட்டுமே குறைகின்றது. சிறிய உணரி செய்வதும் அதுவே. வில்லை காட்டும் காட்சியின் நடுப்பகுதியை மட்டும் அது எடுத்துக்கொள்கின்றது. எனவே பார்வைக் கோணம் குறுகுகின்றது. எந்த அளவுக்குக் குறுகுகின்றது என்பதை அறிய, குவியத் தூரத்தை நிக்கொன், சோனி, பியூஜி கமராக்களாயின் 1.5ஆலும், கனனாயின் 1.6ஆலும் பெருக்கிப் பார்த்தல் வழக்கம். 18 மில்லிமீற்றர் வில்லை சிறிய உணரியில் தரும் கோணம், புல் பிரேமில் 27 அல்லது 29 மில்லிமீற்றர் வில்லை தரும் கோணத்துக்கு ஒப்பாகும்.

இக்கணக்கிலிருந்து முதலாவது விதி பிறக்கின்றது. பொது வில்லையின் தொடக்க எண் 18 அல்லது அதனிலும் குறைவாக இருத்தல் வேண்டும். 24 முதல் 70, 24 முதல் 105 என்னும் அளவுகளில் புல் பிரேமுக்கென ஆக்கப்பட்ட சிறந்த வில்லைகள் உண்டு. அவற்றின் புகழைக் கேட்டு, சிறிய உணரிக்கும் அவற்றையே வாங்குவோர் உளர். வீட்டு மண்டபத்தில் உறவினரை வரிசையாக நிறுத்தி, மூன்று மீற்றர் தூரத்தில் நின்று படமெடுப்பதாகக் கொள்வோம். சிறிய உணரியில் 24 மில்லிமீற்றர் வில்லை அங்கே 3 மீற்றருக்குச் சற்றுக் குறைந்த அகலத்தையே அடக்கும். 18 மில்லிமீற்றரில் ஏறத்தாழ 3.9 மீற்றரும், 16 மில்லிமீற்றரில் 4.4 மீற்றரும் அடங்கும். பின்னே சுவர் இருப்பதால் படமெடுப்பவர் மேலும் பின்வாங்க இயலாது. வரிசையின் இரு ஓரங்களிலும் நிற்போர் வெட்டுண்பர். தூரத்துப் பொருளைக் கிட்டக் காட்டாத வில்லையோடு நாலடி முன்னே நடந்து சமாளிக்கலாம். அகலம் போதாத வில்லையோடு சுவரைத் துளைத்துக்கொண்டு பின்னே செல்ல முடியாது.

இனிச் சூம் வில்லையின் இயல்பைப் பார்ப்போம். 35 மில்லிமீற்றர் கமராவுக்கென வந்த முதலாவது சூம் வில்லை 1959இல் வெளியான வொய்க்லாண்டர் சூமார் என்பதாகும். அதன் குவியத் தூரம் 36இலிருந்து 82 மில்லிமீற்றர் வரை மாறியது. அஃதாவது இரண்டேகால் மடங்கு. இன்று 18 முதல் 400 வரை, இருபத்திரண்டு மடங்கு மாறும் வில்லைகளும் உண்டு. ஆயினும் அடிப்படைச் சிக்கல் அன்றிருந்தது போலவே இன்றும் உள்ளது. சூம் வில்லையினுள்ளே பல கண்ணாடிகள் கூட்டங் கூட்டமாக அமைந்திருக்கின்றன. வளையத்தைத் திருப்பும்போது இக்கூட்டங்கள் முன்னும் பின்னும் நகர்ந்து குவியத் தூரத்தை மாற்றுகின்றன. ஒரே குவியத் தூரமுள்ள வில்லையில் நிறப்பிழை, வளைவுப்பிழை முதலியவற்றை ஒரு நிலையிற் திருத்தினாற் போதும். சூம் வில்லையிலோ எல்லா நிலைகளிலும் ஓரளவுக்கேனும் திருத்தியாதல் வேண்டும். மடங்கு கூடக் கூட இத்திருத்தம் கடினமாகின்றது. அதனால் நீண்ட சூம் வில்லைகளில் அகன்ற முனையில் நேர்கோடுகள் வளைதலும், நீண்ட முனையில் கூர்மை தளர்தலும் நேர்கின்றன. கோடுகளின் வளைவை இன்றைய கமராக்கள் கணிப்பு முறையால் தாமே நிமிர்த்திவிடுகின்றன. இழந்த கூர்மையை அவ்வாறு முழுதும் மீட்க இயலாது.

கூர்மையினும் பெரிய விலையாக நாம் கொடுப்பது வெளிச்சமாகும். வில்லையின் துவாரத்தை எஃப் எண்ணால் அளப்பர். குவியத் தூரத்தைத் துவாரத்தின் விட்டத்தால் வகுக்கக் கிடைப்பதே அவ்வெண். ஆதலால் எண் சிறிதாயின் வெளிச்சம் பெரிது. 55 மில்லிமீற்றரில் எஃப் 5.6 வில்லையின் துவாரம் ஏறத்தாழ 10 மில்லிமீற்றர்; எஃப் 2.8 வில்லையிலோ ஏறத்தாழ 20 மில்லிமீற்றர். விட்டம் இரு மடங்காகவே, புகும் ஒளி நான்கு மடங்காகின்றது. மாலை வேளையில் விளக்கொளி மங்கிய மண்டபம் ஒன்றில், எஃப் 2.8இல் ஒரு செக்கனின் 125இல் ஒரு பங்கு நேரத்தில் எடுக்கத்தக்க படத்தை, எஃப் 5.6இல் எடுக்க 30இல் ஒரு பங்கு நேரம் செல்லும். அதற்குள் நடனமாடும் சிறுமியின் கை கலங்கிய கோடாகிவிடும். நேரத்தை மாற்றாது உணரியின் வேகத்தை 1600இலிருந்து 6400க்கு உயர்த்தலாம். அப்போது படத்தில் மணல் தூவியது போன்ற புள்ளிகள் மிகும்.

அதிர்வு தணிக்கும் அமைப்பு இருந்தால் இக்குறை நீங்காதா என்று வினவலாம். அவ்வமைப்பு படமெடுப்பவர் கையின் நடுக்கத்தையே தணிக்கும். எடுக்கப்படுபவரின் அசைவை அது தடுக்கமாட்டாது. கோபுரத்தையும் மலைக்காட்சியையும் மங்கிய ஒளியில் எடுக்க அது பெருந்துணை. ஓடியாடும் குழந்தைக்கு அது உதவாது. நீண்ட முனையில் அதன் பயன் மிகுதி. சிறிய உணரியில் 200 மில்லிமீற்றரைக் கையிற் பிடித்து எடுக்க, 300இல் ஒரு செக்கன் அல்லது அதனிலும் விரைவான நேரம் வேண்டும் என்பது பழைய விதி. அதிர்வு தணிப்பு இருப்பின் அவ்விதியைப் பெரிதும் தளர்த்தலாம்.

கடையில் உள்ள வில்லைகளை நான்கு வகையாக வகுத்துக்கொண்டால் தெரிவு எளிதாகும். முதலாவது, கமராவோடு சேர்த்து விற்கப்படும் 18 முதல் 55 அல்லது 16 முதல் 50 வரையான சிறு வில்லை. இலேசானது, மலிவானது, பகலொளியில் பலரும் எண்ணுவதைவிட நன்றாகவே படமெடுக்கும். இரண்டாவது, அதே அளவில் எங்கும் எஃப் 2.8 துவாரம் உடைய ஒளிமிக்க வில்லை. 2021இல் வந்த சிக்மா 18 முதல் 50 வரையான வில்லை 290 கிராம் அளவே நிறையுடையது. அதே ஆண்டில் வந்த டம்ரொன் 17 முதல் 70 வரையான வில்லை 525 கிராம். ஆனால் இதில் அதிர்வு தணிப்பு உண்டு, சிக்மாவில் இல்லை. கமராவினுள்ளேயே அவ்வமைப்பு உள்ளதா என்று பார்த்தே இவ்விரண்டினுள் ஒன்றைத் தெரிதல் வேண்டும்.

மூன்றாவது, 16 முதல் 80 அல்லது 18 முதல் 135 வரையான நடுத்தர வில்லை. பியூஜியின் 16 முதல் 80 வில்லை எங்கும் எஃப் 4 உடையது, 440 கிராம். சோனியின் 18 முதல் 135 வில்லை 325 கிராம். ஆனால் அதன் துவாரம் நீண்ட முனையில் எஃப் 5.6 ஆகச் சுருங்கும். நான்காவது, 18 முதல் 200, 300, 400 என நீளும் வில்லைகள். வில்லையை மாற்றவியலாத புழுதியிலும் மழையிலும், பிரயாணத்திலும் இவை வசதியானவை. மரத்தின் உச்சியில் அமர்ந்த பறவையும் அடிவாரத்து ஊரும் ஒரே வில்லையில் அடங்கும். ஆயின் நீண்ட முனையில் எஃப் 6.3 அளவுக்குத் துவாரம் சுருங்குவதால், பொழுது சாய்ந்தபின் இவற்றின் ஆட்சி முடிந்துவிடும்.

இந்நான்கினுள் தமக்குரியது எது என்பதை அறிய நல்லதொரு வழி உண்டு. எண்முறைக் கமரா ஒவ்வொரு படத்தோடும் அது எடுக்கப்பட்ட குவியத் தூரத்தையும் பதிந்து வைக்கின்றது. ஏற்கெனவே சிறு வில்லை உள்ளவர், கடந்த ஓராண்டில் தாம் எடுத்தவற்றுள் தமக்குப் பிடித்த நூறு படங்களைத் தெரிந்து, அவ்வெண்களைக் குறித்துப் பார்க்கலாம். பல படங்கள் 18இல் குவிந்திருப்பின் அவருக்கு வேண்டியது அகலம். 16இல் தொடங்கும் வில்லையை நாடலாம். 55இல் குவிந்திருப்பின் வேண்டியது நீளம். நடுவிலேயே பரவி, ஆனால் வேகம் 3200க்கு மேலாகவே பதிந்திருப்பின், அவருக்கு வேண்டியது அகலமுமன்று, நீளமுமன்று, வெளிச்சமே. இவ்வாறு பார்ப்போருட் பலர், தாம் ஆசைப்பட்ட 300 மில்லிமீற்றர் தமக்கு ஆண்டில் இரண்டு நாளே தேவைப்படும் என்பதைக் காண்பர்.

பணம் குறைந்தவருக்கு இன்னொரு வழியும் உண்டு. நடுத்தர வில்லை ஒன்றோடு, 35 மில்லிமீற்றரில் எஃப் 1.8 துவாரமுடைய சிறிய ஒற்றை வில்லையையும் சேர்த்துக்கொள்ளலாம். எஃப் 4.5 வில்லையோடு ஒப்பிட அது ஆறு மடங்குக்கு மேல் ஒளியைக் கொள்ளும். பகலுக்கும் பயணத்துக்கும் சூம், இரவுக்கும் வீட்டுக்கும் ஒற்றை என இரண்டும் பங்கிட்டு உழைக்கும். விலையுயர்ந்த ஒரு வில்லையைவிட இவ்விரண்டும் சேர்ந்து குறைந்த விலைக்குக் கிடைப்பதும் உண்டு.

வாங்குமுன் கவனிக்கவேண்டியவை வேறு சில. சிறிய உணரிக்கென ஆக்கப்பட்ட வில்லைகள், பின்னர் புல் பிரேம் கமராவுக்கு மாறுவோருக்கு முழுப்பயன் தாரா. கனனின் இ.எப்.-எஸ். வில்லைகள் அதன் கண்ணாடியமைப்புள்ள புல் பிரேம் கமராக்களிற் பொருந்தவே மாட்டா, நிக்கொனின் டி.எக்ஸ். வில்லைகள் பொருந்தினும் உணரியின் நடுப்பகுதியே பயன்படும். ஆயினும் என்றோ ஒருநாள் மாறக்கூடும் என்பதற்காக, இன்று பொருந்தாத பாரமான வில்லையைச் சுமப்பது அறிவுடைமையாகாது. பழைய வில்லை வாங்குவோர் அதனூடே கைவிளக்கு ஒளியைப் பாய்ச்சிப் பார்த்தல் நன்று. கண்ணாடியில் சிலந்தி வலைபோன்ற மெல்லிழைகள் படர்ந்திருப்பின் அது பூஞ்சணம்; எவ்வளவு மலிவாயினும் விலக்கத்தக்கது. இலங்கை போன்ற ஈரக்காற்றுள்ள நாடுகளில் புதிய வில்லைக்கும் இவ்வாபத்து உண்டு. தோற்பையினுள் மாதக்கணக்காகப் பூட்டி வைக்காது, ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல்லோடு இறுக மூடிய பெட்டியில் வைத்து, அடிக்கடி எடுத்துப் பயன்படுத்துவதே தகுந்த காப்பு.

எல்லாப் பணியையும் குறைவின்றிச் செய்யும் வில்லை இதுவரை ஆக்கப்படவில்லை. ஒளியின் இயல்பு அதற்கு இடங்கொடுப்பதுமில்லை. அகலம், நீளம், வெளிச்சம், இலேசு, விலை ஆகிய ஐந்தினுள் எவற்றை விட்டுக்கொடுக்கலாம் என்று துணிவதே தெரிவாகும். வீட்டு மண்டபமும் விழாவும் குழந்தைகளுமே தம் படங்களின் பொருளாக உடையோர் எஃப் 2.8 வில்லையைக் கொள்வது நன்று. பகலிற் பயணம் செய்வோருக்கு நடுத்தர வில்லை ஏற்றது. பாரமான நீண்ட வில்லையை வாங்கி வீட்டில் வைத்துவிட்டுச் செல்பவரைவிட, சிறு வில்லையைத் தோளில் மாட்டிச் செல்பவருக்கே படம் கிட்டும்.