ஆணி அடிக்காத கப்பல்

நம் கடற்படையில் ஒரு பாய்மரக் கப்பல் இருக்கிறது. பெயர் கௌண்டின்யா. எஞ்சின் கிடையாது. பலகைகளைச் சேர்க்க ஆணியும் கிடையாது. தேங்காய் நார்க்கயிற்றால் பலகையோடு பலகையைச் சேர்த்துத் தைத்திருக்கிறார்கள், துணி தைப்பதுபோல!

2023 செப்டம்பரில் கோவாவில் வேலை தொடங்கியது. அஜந்தா குகையில் 5ஆம் நூற்றாண்டு ஓவியம் ஒன்றில் இப்படியொரு கப்பல் இருக்கிறது. கையில் இருந்தது அந்தப் படம் மட்டும்தான். அளவு எதுவும் அதில் இல்லை. கடற்படைப் பொறியாளர்கள் அளவுகளைக் கணக்கிட்டார்கள். சென்னை ஐஐடி, கப்பலின் மாதிரியைத் தண்ணீரில் விட்டுச் சோதித்தது. தைத்தவர்கள் கேரளத்தின் பாபு சங்கரன் தலைமையில் வந்த தச்சர்கள். என்னைக் கேட்டால், கணக்குப் போட்டவர்களுக்குக் கிடைக்கிற கைதட்டல் ஊசி பிடித்தவர்களுக்கும் கிடைக்க வேண்டும்.

ஏன் தைக்க வேண்டும்? கடலுக்கடியில் காந்தமலை இருக்கிறது, அது ஆணிகளை உருவிவிடும் என்று பழங்காலத்தில் ஒரு கதை உலவியது. சும்மா கட்டுக்கதை! 14ஆம் நூற்றாண்டில் இங்கே வந்த பயணி இபின் பதூதா வேறு காரணம் எழுதினார். ஆணி அடித்த கப்பல் பாறையில் மோதினால் உடையும். தைத்த கப்பல் வளைந்து கொடுக்கும். துறைமுகம் கட்டுவதற்கு முன்பு சென்னைக் கரையில் அலையைத் தாண்டி ஆட்களை ஏற்றி இறக்கிய மசூலா படகுகளும் இப்படித் தைத்தவைதான்.

சரி, பலகையில் ஓட்டை போட்டுத் தைத்தால் தண்ணீர் உள்ளே வராதா? வரத்தான் பார்க்கும். அதனால் இடுக்குகளில் நாரைத் திணித்து, குங்கிலியமும் எண்ணெயும் பூசி அடைப்பார்கள். மரமும் தன் பங்குக்கு ஓர் உதவி செய்யும். தண்ணீர் பட்டதும் அது உப்பும்; பலகைகள் ஒன்றையொன்று நெருக்கி இடுக்கைக் குறைக்கும்.

இதே உப்பல் கும்பகோணத்துப் பழைய வீடுகளில் தொந்தரவு. ஐப்பசி அடைமழையில் வாசல் கதவு பிடித்துக்கொள்ளும். தோளைக் கொடுத்துத் தள்ளினால்தான் திறக்கும். ஆசாரியைக் கூப்பிட்டால், விவரமானவர் உடனே இழைப்புளியை எடுக்க மாட்டார். “தை பிறக்கட்டும், பார்க்கலாம்” என்பார். இப்போது இழைத்துவிட்டால் வெயில் காலத்தில் கதவு சுருங்கி, விரல் நுழைகிற சந்து விழும்.

அந்தக் கதவை உற்றுப் பாருங்கள். அது பிடிப்பது பக்கவாட்டில்தான். உயரம் கூடி மேலே இடிப்பது அபூர்வம். மரத்துக்குள்ளே நுண்ணிய குழாய்கள் மேலும் கீழுமாக ஓடுகின்றன. ஈரம் அவற்றின் சுவரில் புகும்போது சுவர் தடிக்கிறது, குழாய் நீள்வதில்லை. பச்சை மரம் முழுக்கக் காய்ந்தால் ஒரு மீட்டர் நீளத்தில் ஒன்றிரண்டு மில்லிமீட்டர்தான் குறையும். அகலத்திலோ பல மரங்கள் மீட்டருக்கு 60 முதல் 80 மில்லிமீட்டர் வரை சுருங்கும். தேக்கு இதில் கொஞ்சம் அடக்கமான மரம். கப்பல்காரர்களும் தச்சர்களும் அதைத் தேடுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

அதனால்தான் கதவின் நடுப்பலகையைச் சட்டத்தோடு பசை போட்டு ஒட்டுவதில்லை. சட்டத்தில் காடி வெட்டி, அதற்குள் தளர்வாகச் செருகுவார்கள். பலகை உப்பவும் சுருங்கவும் உள்ளேயே இடம் கிடைக்கும், சட்டம் பிளக்காது.

சரி, கப்பலுக்குத் திரும்புவோம். கௌண்டின்யா 2025 டிசம்பர் 29 அன்று குஜராத்தின் போர்பந்தரிலிருந்து காற்றை மட்டும் நம்பிக் கிளம்பி, 2026 ஜனவரி நடுவில் ஓமனின் மஸ்கட்டுக்குப் போய்ச் சேர்ந்தது.

நீங்களும் ஒன்று செய்து பாருங்கள். பட்டறையில் கழித்துப்போட்ட பலகைத் துண்டு ஒன்றைக் கேட்டு வாங்குங்கள். அதன் நீளத்தையும் அகலத்தையும் குறித்துக்கொண்டு, ஒரு வாரம் தண்ணீரில் ஊறவிட்டு மறுபடி அளந்து பாருங்கள். எந்தப் பக்கம் எவ்வளவு கூடியது என்று எங்களுக்கு எழுதுங்கள். என்ன மரம் என்பதையும் ஆசாரியிடம் கேட்டு எழுத மறக்காதீர்கள்.