ஊரை விட்டு வருவது சம்பளத்துக்காக மட்டுமா?

பிரிக்பீல்ட்ஸில் நான் தங்கியிருக்கும் வாடகை வீட்டில் நான்கு பேர் இருக்கிறோம். சுங்கை சிப்புட், ரவூப், பாகாவ் என ஆளுக்கோர் ஊர். நான் தெலுக் இந்தான். ஏன் ஊரை விட்டு வந்தீர்கள் என்று கேட்டால், எல்லாரும் சொல்லும் முதல் பதில் "சம்பளம்".

கணக்குப் போட்டால் அது முழுப் பதிலாகத் தெரியவில்லை. 2020இல் குறைந்தபட்சச் சம்பளம் 56 மாநகர, நகராண்மைக் கழகப் பகுதிகளில் 1,200 ரிங்கிட். மற்ற இடங்களில் 1,100 ரிங்கிட். பின்னர் அந்த வேறுபாடு நீங்கியது. 2025இல் அது நாடு முழுவதும் 1,700 ரிங்கிட் ஆனது. அந்தச் சம்பளத்தில் வாடகை, ரயில் கட்டணம், சாப்பாடு எல்லாம் போக இங்கே மிஞ்சுவது சொற்பம். பெற்றோர் வீட்டில் தங்கி வேலைக்குப் போகிறவர் கூடுதலாகவே சேமிக்கலாம்.

பிறகு எதற்கு வருகிறோம்? இரண்டாவது வேலைக்காக. சிறு பட்டணத்தில் நம் படிப்புக்கு ஏற்ற நிறுவனம் ஒன்றோ இரண்டோதான் இருக்கும். அங்கே ஆள்குறைப்பு வந்தால் அடுத்த கதவு இல்லை. கிள்ளான் துறைமுகம், ஷா ஆலாம் தொழிற்சாலைகள், கோலாலம்பூர் அலுவலகங்கள் எல்லாம் ஒரே கொமுட்டர் பாதையில் இருக்கின்றன.

ஒரே முதலாளியை நம்பி வாழ்வதன் ஆபத்து நம் தாத்தா பாட்டிக்குத் தெரியும். தோட்டத்தில் வேலை, வீடு, கோயில், பள்ளி எல்லாம் நிர்வாகத்தின் நிலத்தில்தான் இருந்தன. சுதந்திரத்துக்குப் பின் தோட்டங்கள் துண்டாடி விற்கப்பட்டபோது, வேலையோடு பலருக்கு வீடும் போனது. தொழிலாளர்களே பங்கு சேர்த்துத் தோட்டம் வாங்க, 1960இல் துன் சம்பந்தன் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கியதும் அதனால்தான். பின்னர் ரப்பர் போய்ச் செம்பனை வந்தது. ஆள் தேவை குறைந்தது. பல குடும்பங்கள் கிள்ளான், கோலாலம்பூர் புறம்போக்குக் குடியிருப்புகளில் வந்து சேர்ந்தன. அவர்களுக்கு யோசிக்க அவகாசம் இல்லை. நமக்கு இருக்கிறது.

எனவே எஸ்.பி.எம்., டிப்ளோமா முடித்துக் கிளம்ப நினைக்கும் தம்பி தங்கைகள் இரண்டு கேள்விகள் கேட்டுப் பாருங்கள். முதல் சம்பளத்தில் வாடகைக்கு எவ்வளவு போகும்? மூன்று ஆண்டு கழித்து இந்த வேலை என்னை எந்த வேலைக்குத் தகுதியாக்கும்? இரண்டாவது கேள்விக்குப் பதில் இல்லையென்றால், ஊரிலேயே இருந்து ஒரு கைத்தொழில் சான்றிதழ் பெற்றுவிட்டு வரலாம். வடக்கே இருப்பவர்கள் கூலிம் உயர்தொழில்நுட்பப் பூங்காவையும் பினாங்கின் பாயான் லெப்பாஸையும் முதலில் விசாரியுங்கள். வீட்டிலிருந்தே போய்வரும் தூரத்தில் இரண்டாவது வேலை இருந்தால், கோலாலம்பூர் பஸ் டிக்கெட்டுக்கு அவசரமில்லை.