ஆரோடவுனும் அதன் ஓடைக்கரைக் குடிசைகளும்

நியூசிலாந்தின் தென் தீவிலே, மலைகளும் ஏரிகளும் சூழ்ந்த ஒடாகோ பிரதேசத்தில், குவீன்ஸ்டவுன் நகரிலிருந்து சுமார் 20 கிலோமீட்டர் தூரத்தில், ஆரோ என்னும் சிற்றாற்றின் கரையில் அமைந்திருக்கும் ஆரோடவுன், பொன்னுக்காகவே தோன்றி, பொன் குறைந்த பிறகும் அழிந்துபோகாமல் நிலைத்துவிட்ட சிறு ஊர்களில் ஒன்று.

1862-ஆம் ஆண்டில் அந்த ஆற்று மணலில் முதன்முதலாகப் பொன்னைக் கண்டவர், அப்பக்கத்துப் பண்ணையில் ஆட்டு ரோமம் கத்தரிக்கும் வேலை பார்த்துவந்த ஜாக் தேவா என்ற மாவோரி இனத்தவர் என்பது இன்று பொதுவாக ஒப்புக்கொள்ளப்படுகிறது. ஆயினும், அவருக்குப் பின் கூட்டாளிகளோடு வந்து பெரும்பொருள் திரட்டிய வில்லியம் ஃபாக்ஸின் பெயரால்தான் ஊர் ஆரம்பத்தில் வழங்கலாயிற்று. செய்தி பரவியதும் கரையெங்கும் கித்தான் கூடாரங்கள் முளைத்தன. மறு வருஷம் ஜூலை மாதத்துப் பெருவெள்ளம் பலரைக் கொண்டுபோயிற்று; அதற்குச் சில காலத்துக்குள் மேற்குக் கரையில் புதிய பொன்வயல்கள் அகப்பட்ட சேதி எட்டவே, திரண்ட ஜனங்கள் திரண்ட வேகத்திலேயே கலைந்தார்கள்.

அக்காலத்துத் தொழில்முறையை இன்றும் அந்த ஆற்றில் இறங்கிப் பார்க்கலாம். வாடகைக்குக் கிடைக்கும் அகன்ற தட்டிலே மணலையும் நீரையும் அள்ளி, சற்றே சாய்த்துப் பிடித்து, பொறுமையாகச் சுழற்றிக்கொண்டிருந்தால், இலேசான மணல் நீரோடு விளிம்பு கடந்து போய்விட, மணலைப்போல் ஏறத்தாழ ஏழு மடங்கு கனமுள்ள பொன் அடியிலே தங்கி, கருமணலின் ஓரத்தில் மெல்லிய மஞ்சள் கோடாகத் தெரியும். நம் ஊர்ப் பொற்கொல்லர் வீதிகளில் பட்டறைத் தூசியை அள்ளி அரிப்புக்காரர்கள் செய்துவந்ததும் இதே வேலைதான்.

ஊரின் பிரதான வீதியாகிய பக்கிங்ஹாம் வீதியில், ஓங்கி வளர்ந்த மரங்களின் கீழ் வரிசையாக நிற்கும் பழைய சிறு வீடுகள் கண்ணுக்கு இனியவை. ஏப்ரல் மாதத்து இலையுதிர் காலத்தில் அம்மரங்கள் பொன்னிறம் கொள்வதைப் பார்க்கவே யாத்திரிகர் பலர் வருகிறார்கள். ஆனால் அவ்வீதி முடியுமிடத்தில், புஷ் ஓடைக்கரையில் இருக்கும் சீனர் குடியிருப்பையே இந்த ஊரின் சரித்திரத்தில் தலையாய பகுதியாக நான் மதிக்கிறேன்.

ஐரோப்பியர் விட்டுப்போன பொன்வயல்களை மீண்டும் உழைப்புக்குக் கொண்டுவரவேண்டி, டனீடின் நகரத்து வர்த்தகர்கள் சீனரை வரவழைத்தார்கள். 1866 முதல் வரத் தொடங்கிய அவர்கள், பிறர் அரித்துக் கழித்த மணலையே மறுபடி அரித்துப் பிழைத்தார்கள். கல்லாலும் மண்ணாலும் தகரத்தாலும் ஆன அவர்களுடைய குடிசைகளில் சில, ஒரு பக்கத்துப் பாறையையே சுவராகக் கொண்டவை; குனிந்து நுழையவேண்டிய வாசல், ஒரே அறை, கோடியில் ஓர் அடுப்பு, ஒருவர் கைகால் நீட்டிப் படுக்குமளவுக்கு இடம், அவ்வளவே. அருகிலுள்ள ஆ லம் என்பவருடைய கற்கட்டுக் கடையோ மளிகைக்கு மட்டும் உரியதன்று. தாய்மொழி பேசிக் களைப்பாறவும், வெள்ளையரிடம் பேச மொழிபெயர்ப்பு உதவி பெறவும் அந்த ஏழைகளுக்கு இருந்த புகலிடம் அது.

அழைத்து வந்தவர்களையே அரசாங்கம் பின்னர் வேண்டாதவர்களாக நடத்திற்று. வேறு எந்த நாட்டவருக்கும் இல்லாத தலைவரியாக, 1881-இல், வந்திறங்கும் ஒவ்வொரு சீனரிடமும் 10 பவுன் வசூலிக்கச் சட்டம் செய்து, 1896-இல் அதை 100 பவுனாக உயர்த்தினார்கள். மனைவி மக்களைத் தருவித்துக்கொள்ள வழியின்றி அந்நிய மண்ணிலேயே தனியராக மாண்டவர்கள் பலர். அப்படி மாண்டவர்களில் 499 பேருடைய உடல்களைத் தோண்டியெடுத்து, சொந்த மண்ணில் அடக்கம் செய்வதற்காக 1902-இல் ஏற்றிச்சென்ற வென்ட்னர் என்ற கப்பலும் ஹோகியாங்கா கரைக்கு அப்பால் மூழ்கிப்போயிற்று. கரையொதுங்கிய எலும்புகளை முகமறியாத மாவோரி மக்கள் எடுத்து மரியாதையோடு புதைத்தார்கள். அக்காலத்துச் செய்திகளில் இதைவிட உயர்ந்த மனிதச் செயலை நான் அறியேன்.

தலைவரி 1944-இல் ஒழிக்கப்பட்டது. அதற்காக அரசாங்கம் மன்னிப்புக் கேட்டது 2002-இல்தான். பாழடைந்து கிடந்த குடியிருப்பு 1980-களில் அகழ்ந்து ஆராயப்பட்டு, செப்பனிடப்பெற்றது. குவீன்ஸ்டவுன் வரை உல்லாசமாகச் செல்லும் நம்மவர்கள், ஆரோடவுனின் கடைவீதியோடு திரும்பிவிடாமல், ஓடைக்கரைக்கும் ஒரு மணி நேரம் ஒதுக்கவேண்டும் என்பது என் வேண்டுகோள். அங்கே நுழைவுக் கட்டணம் கிடையாது.