வெயிலில் ஓடப்போகும் குதிரைக்கு



நெடுந்தூர ஓட்டத்துக்கு ஒரு குதிரையின் உடல் வெயிலுக்குப் பழக இரண்டு, மூன்று வாரம் ஆகும். முதலில் விடிகாலை நடை. பிறகு மெல்ல மெல்ல வெயிலேறும் நேரம். குதிரை வியர்வையில் நம் வியர்வையைவிட உப்பு அதிகம். அதனால் தண்ணீரோடு உப்பும் வேண்டும்.

கழுத்துத் தோலைக் கிள்ளி விடுங்கள். மடிப்பு உடனே மறையாவிட்டால் உடலில் நீர் குறைந்திருக்கலாம். ஓடி முடித்ததும் உடல் முழுக்கக் குளிர்ந்த நீரை ஊற்றிக்கொண்டே இருங்கள்.

போட்டிகளில் நாடித்துடிப்பு நிமிடத்துக்குப் பெரும்பாலும் 64-க்குள் இறங்கினால்தான் கால்நடை மருத்துவர் அடுத்த சுற்றுக்கு அனுப்புவார். குதிரை வேகமாக ஓடியிருந்தாலும் துடிப்பு அடங்காவிட்டால் ஆட்டம் அத்தோடு சரி!