பல்கலைக்கழகங்களின் இணையப் பாதுகாப்புப் பதிவுகளை ஒப்பிடுதல்

பல்கலைக்கழகக் கணினிகளில் மாணவர்களின் மதிப்பெண், ஆதார் எண், வங்கிக் கணக்கு விவரங்கள் உள்ளன. அவற்றில் நடக்கும் ஊடுருவல், கடவுச்சொல் திருட்டு முதலியவற்றை நாள், நேரத்துடன் குறித்துவைப்பது நிகழ்வுப் பதிவேடு எனப்படும்.

மத்திய அரசின் செர்ட்-இன் அமைப்பு 2022 ஏப்ரல் 28 அன்று வெளியிட்ட ஆணைப்படி, இத்தகைய நிகழ்வுகளை அறிந்த 6 மணி நேரத்திற்குள் அதனிடம் தெரிவிக்க வேண்டும். திருவில்லிபுத்தூரை அடுத்த கிருஷ்ணன்கோவிலில் உள்ள கலசலிங்கம் நிகர்நிலைப் பல்கலைக்கழகமாயினும் இராஜபாளையத்துக் கல்லூரிகளாயினும் விதி ஒன்றே.

பதிவேடுகளை ஒப்பிட எண்ணிக்கை மட்டும் போதாது. எடுத்துக்காட்டாக, 10,000 பயனர்களுள்ள நிறுவனத்தில் 40 நிகழ்வுகள் என்றால் ஆயிரம் பேருக்கு 4; 2,000 பயனர்களுள்ள நிறுவனத்தில் 12 என்றால் ஆயிரம் பேருக்கு 6. எண்ணிக்கை குறைந்த இடத்தில்தான் விகிதம் கூடுதல். எதை நிகழ்வாகக் கணக்கிடுவது என்பதும் இரண்டிலும் ஒன்றாக இருக்க வேண்டும். பதிவேடு வெறுமையாக இருந்தால் அங்கே பாதுகாப்பு மிகுதி என்று கொள்ள முடியாது. கண்காணிப்பே இல்லாமலும் இருக்கலாம்.