உளவியலாளரிடம் போனால் என்ன நடக்கும்?

1990 ஆம் ஆண்டில் வலிகாமம் வடக்கிலிருந்தும், 1995 ஒக்டோபரில் வலிகாமத்தின் ஏனைய பகுதிகளிலிருந்தும், 2008, 2009 ஆம் ஆண்டுகளில் வன்னிக் கிராமங்களிலிருந்தும் எமது மக்கள் கையில் அகப்பட்டதை மட்டும் எடுத்துக்கொண்டு வெளியேறினார்கள். இழந்த காணி, கிணறு, மாடு ஆகியவற்றைப் படிவத்தில் எழுதிக் கொடுத்தோம். இழந்த நித்திரையை எழுத அதில் இடமிருக்கவில்லை.

"நெஞ்சு இடிக்குது", "தலைக்குள்ளே ஒரே யோசனை", "கைகால் உளைவு" என்று பலர் மருந்துக்கு அலைகிறார்கள். யாழ்ப்பாணத்தில் போர்க்காலத்தில் பணியாற்றிய உளமருத்துவர் தயா சோமசுந்தரம், உள்ளத்தின் துயரை மக்கள் உடல் நோவாகவே சொல்வதைத் தமது எழுத்துக்களில் விளக்கியுள்ளார். வைத்தியர் உடலைச் சோதித்த பின் உளவியலாளரைச் சந்திக்கச் சொன்னால், "எனக்கென்ன விசரே?" என்ற கேள்வி எழுகிறது. பெண்பிள்ளையின் கலியாணம் குழம்பிவிடும் என்ற பயமும் கூடவே வருகிறது. அங்கே நடப்பதை அறிந்தால் இப்பயம் குறையும்.

உளவியலாளர் யார்?

உளமருத்துவர் மருந்து எழுதும் வைத்தியர். மருத்துவ உளவியலாளரோ பேச்சினாலும் பயிற்சியினாலும் சிகிச்சை செய்பவர். அவர் மருந்து எழுதுவதில்லை. எமது நாட்டில் இவர்கள் மிகச் சிலரே. ஆகவே அரச வைத்தியசாலையின் உளநலப் பிரிவில் முதலில் நீங்கள் சந்திப்பவர் உளமருத்துவராகவோ உளவளத்துணையாளராகவோ இருக்கலாம். அங்கே இதற்குக் கட்டணம் இல்லை.

முதற் சந்திப்பு

ஏறக்குறைய முக்கால் மணி முதல் ஒரு மணி நேரம் எடுக்கும். பயிர் வாடினால் நீர்க் குறைவா, பூச்சியா, வேரழுகலா என்று பார்த்த பின்னரே மருந்தடிக்கிறோம். அதுபோல அவரும் முதலில் கேட்பார்: நித்திரை எப்படி? சாப்பாடு எப்படி? வேலை செய்ய மனம் வருகிறதா? குடிப்பழக்கம் உண்டா? யாரை, எதை இழந்தீர்கள்?

"சாக வேண்டும் என்று நினைத்ததுண்டா?" என்றும் கேட்பார். இது எல்லோரிடமும் கேட்கப்படும் கேள்வி. கேட்பதனால் அந்த எண்ணம் புதிதாக வராது. உண்மையைச் சொல்லுங்கள்.

நடந்த எல்லாவற்றையும் அன்றே சொல்ல வேண்டியதில்லை. சொல்ல முடியாததை "பிறகு சொல்லுகிறேன்" என்று விடலாம். அழுதால் வெட்கமில்லை. காணாமற்போன மகனை இறந்துவிட்டான் என்று ஏற்கும்படி நல்ல உளவியலாளர் எவரும் உங்களை வற்புறுத்தமாட்டார்.

சொன்னது வெளியே போகுமா?

அவர் இரகசியம் காக்கக் கடமைப்பட்டவர். உங்கள் உயிருக்கோ, இன்னொருவருக்கோ, ஒரு பிள்ளைக்கோ ஆபத்து இருந்தால் மட்டும் உதவக்கூடியவருக்குச் சொல்ல வேண்டி வரும். எதை எழுதுகிறார், அதை யார் பார்ப்பார் என்று தொடக்கத்திலேயே கேளுங்கள். அது உங்கள் உரிமை. அவருக்குத் தமிழ் தெரியாவிட்டால் மொழிபெயர்க்க ஒருவரைக் கேளுங்கள். உங்கள் பிள்ளையை அந்த வேலைக்கு இருத்த வேண்டாம்.

அதன் பிறகு

கிழமைக்கொரு முறையோ இரு கிழமைக்கொரு முறையோ சில மாதங்கள் போக வேண்டியிருக்கும். ஆறுதலாக மூச்சு விடுதல், தசைகளைத் தளர்த்துதல் போன்ற பயிற்சிகள் தருவார். ஒதுக்கிவைத்த வேலைகளைச் சிறிது சிறிதாகத் தொடங்கச் சொல்வார்: இன்று வேலியோரம் நாலு கத்தரிக் கன்று, நாளை ஒரு அயலவர் வீட்டுக்குப் போய்வருதல். முதல் இரண்டு தடவையில் மாற்றம் தெரியாவிட்டால் நிறுத்திவிடாதீர்கள். அவரோடு ஒத்துவராவிட்டால் வேறொருவரைக் கேட்கலாம்.

காணியை மீட்டுத் தரவோ, நிவாரணம் எடுத்துத் தரவோ அவரால் இயலாது. அந்த அலுவல்களுக்கு அலைவதற்கு வேண்டிய நித்திரையும் தெம்பும் திரும்பிவர அவர் உதவலாம்.

ஒன்றை மட்டும் தள்ளிப்போடாதீர்கள். வீட்டில் யாராவது சாவைப் பற்றிப் பேசினால் பூச்சிமருந்தையும் களைநாசினியையும் அன்றே பூட்டி, திறப்பை இன்னொருவரிடம் கொடுங்கள். அவரைத் தனியே விடாது வைத்தியசாலைக்குக் கூட்டிச் செல்லுங்கள். தேசிய மனநல நிறுவகத்தின் 1926 என்ற தொலைபேசி இலக்கத்துக்கு இரவு பகல் எந்நேரமும் பேசலாம்.